அடைப்புக்குறிக்குள் போட மறுத்த வாக்கியம்

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவுக்கு நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ராயபுரத்தில் தமிழ் வழியில் படித்து, தபாலில் பி.காம். முடித்திருந்தேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அந்த வேலையோ முழுக்க எழுத்து வேலை. எந்தப் பெட்டி வந்தது, எது சுங்கத்தில் நிற்கிறது, எதை வெளியே விடலாம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மெயில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றவர்கள் எழுதிய மெயில்களைப் பார்த்து நானும் எழுதினேன். 'கைண்ட்லி', 'டூ தி நீட்ஃபுல்', 'அட் தி எர்லியஸ்ட்'. அந்தச் சொற்கள் எனக்கு யூனிஃபார்ம் மாதிரி இருந்தன. போட்டுக்கொண்டால் போதும், நானும் அதிகாரிபோலத் தெரிவேன் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாதம் ஒரு கமா என்னை மாட்டிவிட்டது. ஒரே சரக்குக்கு ஆறு பெட்டிகள். அவற்றில் நான்குக்குத்தான் சுங்க வேலை முடிந்திருந்தது. சுங்கம் முடிந்த பெட்டிகளுக்கு மட்டும் வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லிப் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுதினேன். வாக்கியம் நடுவில் நீளமாகத் தெரிந்தது. படிப்பவர் மூச்சு வாங்கட்டும் என்று 'விச்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கமா போட்டுவிட்டேன். அந்த ஒரு கமாவால் அர்த்தம் மாறிப்போனது. ஆறு பெட்டிகளுக்கும் வண்டி வேண்டும், ஆறுக்குமே சுங்கம் முடிந்துவிட்டது என்று ஆகிவிட்டது. ஆறு டிரெய்லர்கள் வந்தன. இரண்டு மட்டும் வாசலில் அரை நாள் வெயிலில் நின்று காலியாகத் திரும்பின. ஓட்டுநர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

போக்குவரத்துப் பிரிவில் என் வயதையொத்த ஒரு பெண் இருந்தாள். கான்வென்ட்டில் படித்தவள். என் மெயிலை அச்செடுத்து, கமாவைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு என் மேசையில் வைத்தாள். கேலி செய்யவில்லை. "நீங்க எழுதினதத்தான் நாங்க செஞ்சோம்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

தமிழில் நான் இந்தத் தவறைச் செய்திருக்கவே மாட்டேன். 'மட்டும்' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆங்கிலத்தில் சில நேரம் அந்த 'மட்டும்' இருப்பதா போவதா என்பதை வால் முளைத்த ஒரு புள்ளி முடிவு செய்துவிடுகிறது. கமா அலங்காரமும் இல்லை, மூச்சு விடும் இடமும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. இதைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

பழைய புத்தகக் கடையில் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கி, ஷேர் ஆட்டோவில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். விதிகள் புரிந்தன, ஆனால் கைக்கு வரவில்லை. கைக்கு வந்தது வேறு ஒரு வழியில். சேதமடைந்த சரக்குகளைப் பார்வையிட இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து ஒரு சர்வேயர் அவ்வப்போது வருவார். அவர் அனுப்பும் அறிக்கைகளை ஃபைல் செய்வது என் வேலை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும்தான் தெரியும். அவருடைய வாக்கியங்கள் எல்லாம் சிறியவை. இடது பக்கத் தகடு உள்வாங்கியிருக்கிறது. அதன் நீளம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு. 'மிக மோசமாக' என்று ஒரு நாளும் எழுதமாட்டார். அளவைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவார். ஒரு எண்பது பக்க நோட்டில் அந்த அறிக்கைகளைக் கையால் பார்த்து எழுத ஆரம்பித்தேன். நான்கு நோட்டுகள் தீர்ந்தன. ஒரு வருடம் வரை அரைப்புள்ளியைத் தொடப் பயந்தேன், பிறகு அந்தப் பயமும் போனது.

அப்படி எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நம் தமிழில் வினைக்காகக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ஆனால் செய்தவரை ஒளித்துவைக்க இரண்டு மொழிகளுக்குமே தெரியும். ஆங்கில அலுவலகக் கடிதத்தில் எல்லாமே 'செய்யப்பட்டது' என்றுதான் இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று முதலில் பெருமையாக நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அம்மா கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "தம்ளர் ஒடஞ்சிடுச்சு" என்றாள். தம்ளர் தானாகவே போய் உடைந்துகொண்டது. நாங்களும் சளைத்தவர்கள் இல்லை என்று சிரித்துக்கொண்டேன்.

நான் சேர்ந்து மூன்று வருடம் கழித்து அந்த விபத்து நடந்தது.

புளியந்தோப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் யார்டில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கன்டெய்னர் கதவுகளைத் திறந்து சரக்கை இறக்கும் குழுவில் அவர்தான் மூத்தவர். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கப்பலில் வரும்போது ஆட்டத்தில் உள்ளே இருக்கும் சரக்கு சரிந்து கதவின்மேல் சாய்ந்திருக்கும். கதவைத் திறந்தால் எல்லாம் ஆளின்மேல் வந்து விழும். அதனால் தாழ்ப்பாளைத் தூக்கும் முன்பு இரண்டு கதவுகளின் கைப்பிடிகளையும் ஒரு தடித்த பெல்ட்டால் இணைத்துக் கட்டவேண்டும். கட்டினால் கதவு ஒரு சாண் மட்டுமே திறக்கும். எட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு திறக்கலாம். எங்கள் யார்டில் இருந்த பெல்ட்டுகள் நைந்துபோய்க் குப்பைக்குப் போய்விட்டன. புதியவை வரவில்லை.

அண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். "பெல்ட் இல்லாம கதவ தொறக்கிறது பேஜாரா கீதும்மா. ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டு குடு" என்றார். போட்டேன். கடிதம் பொருள்கள் வாங்கும் பர்சேஸ் பிரிவுக்குப் போனது. பத்து நாள் கழித்து அண்ணன் மறுபடி வந்தார். மறுபடி போட்டேன். மூன்றாம் முறையும் அப்படியே.

மூன்றாவது கடிதம் போன அடுத்த வாரம், காலை பத்து மணி வாக்கில், யார்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மூட்டைகள் விழும் சத்தம் எங்களுக்குப் பழக்கம்தான். அதற்குப் பின்னால் வந்த கூச்சல்தான் எங்களை எழுந்து ஓடவைத்தது. அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து மூட்டைகளைத் தள்ளி அவரை வெளியே எடுத்தார்கள். யார்டு வண்டியிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பாதம் நசுங்கியிருந்தது.

மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் தபாலில் மேற்படிப்புப் பரீட்சை எழுதப் போனபோதெல்லாம் லீவு கொடுத்தவர். தலைமை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை போகவேண்டும் என்று சொல்லி, அவரே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நாள், நேரம், பெட்டி எண் எல்லாம் சரி. நடுவில் ஒரு வாக்கியம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: 'கதவைத் திறக்கையில் போதிய கவனம் இல்லாத காரணத்தால் தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டது.'

தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கவனம் என்று அதில் இல்லை. ஆனால் வாக்கியத்தில் இருக்கும் மனிதர் ஒருவர்தான், அந்தத் தொழிலாளி. படிப்பவர் கவனக்குறைவை எடுத்து அவர் தலையில் தானாகவே வைத்துவிடுவார். எழுதியவர்மேல் பொய் என்று குற்றம் சொல்லவும் முடியாது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத, நன்றாகக் கட்டப்பட்ட வாக்கியம். மூன்று வருடம் கஷ்டப்பட்டுக் கற்றிருக்காவிட்டால் அதில் இருந்த சூது எனக்குத் தெரிந்திருக்காது.

பெல்ட் இல்லை என்பதை எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டேன்.

"அது பர்சேஸ் விஷயம்மா. இதுல எதுக்கு?" என்றார்.

தாளின் கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. மறுநாள் காலை முடித்துத் தருகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

என் இடத்துக்கு வந்து, நான் எழுதிய மூன்று கடிதங்களையும் ஃபைலிலிருந்து எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க முகம் சூடானது. மூன்றிலும் 'தயவுசெய்து அதற்கு விரைவில் ஏற்பாடு செய்யவும்' என்ற ஒரே வாக்கியம். யார் ஏற்பாடு செய்யவேண்டும்? விரைவில் என்றால் என்றைக்குள்? பெல்ட் இல்லாவிட்டால் சரக்கு ஆளின்மேல் விழும் என்று மூன்றில் ஒன்றில்கூட நான் எழுதவில்லை. கடைசிவரை படித்தவருக்கும் இதில் ஒருவரின் கால் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்திருக்காது. நூல்கண்டும் பேனாவும் கேட்கும் கடிதம்போல இருந்தது. சர்வேயரின் அறிக்கைகளை நான்கு நோட்டு எழுதிப் பார்த்தவள், ஒரு மனிதர் வந்து ஜன்னலில் நின்று கேட்டபோது பழைய யூனிஃபார்மையே எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் சொன்ன வாக்கியத்தைவிட என் வாக்கியங்கள் எந்த விதத்தில் யோக்கியம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் கால் மாவுக்கட்டோடு தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டில் ஓரத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்பவர். நான் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே எழுதிக் குடுக்கிறவ? அவரு மேல தப்புன்னு எழுதிடாதம்மா" என்றார்.

நடந்ததை அண்ணன் வாயாலேயே கேட்டு எழுதத்தான் வந்தேன் என்றேன். நோட்டைத் திறந்தேன். அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

"நான் தாப்பாள தூக்கினேன். பெல்ட் இல்ல. கதவு என்ன தள்ளிச்சு. மூட்ட வுழுந்துச்சு. கால எடுக்க டைம் இல்ல." நிறுத்தினார். "அவ்ளோதாம்மா. வேற இன்னா கீது சொல்றதுக்கு."

அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டேன். ஐந்து வாக்கியம். எதிலும் ஒரு கூடுதல் சொல் இல்லை. யாரையும் திட்டவில்லை, தன்னையும் ஒளிக்கவில்லை. முதல் வாக்கியமே 'நான்' என்றுதான் ஆரம்பிக்கிறது. என் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

மறைக்க மனம் வரவில்லை. நான் எழுதிய மூன்று கடிதமும் சரியாக இல்லை, படித்தவர்களுக்கு ஆபத்து புரியாத மாதிரி எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கவேண்டும். அவர் சொல்லவில்லை.

"மூணு வாட்டி கேட்டேன்ல? அத்த எழுது. அத்த மட்டும் வுட்றாத" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். அவருடைய ஐந்து வாக்கியங்களையும் ஐந்து ஆங்கில வாக்கியங்களாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தனி முற்றுப்புள்ளி. பிறகு பெல்ட் விஷயத்துக்கு வந்தேன். பெல்ட் ஏன் வரவில்லை, யார் நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது. தெரிந்ததை எழுதினேன்: 'அவர் மூன்று முறை பெல்ட் கேட்டார். நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். பெல்ட் வரவில்லை. கடிதங்களின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' அந்த 'நான்' என்ற இடத்தில் விரல் தயங்கியது. அலுவலக அறிக்கையில் 'ஐ' வராது. 'கீழே கையொப்பமிட்டவர்' என்று சுற்றிக்கொண்டு போவார்கள். ஆங்கிலத்தில் அந்த 'ஐ' எப்போதும் பெரிய எழுத்துதான். வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் தனியாக, கம்பம் மாதிரி நிற்கும். நிற்கட்டும் என்று தட்டினேன். பிறகு 'இணைக்கப்பட்டுள்ளது' என்பதையும் அழித்து, 'நகல்களை இணைத்திருக்கிறேன்' என்று மாற்றினேன்.

மேனேஜர் படித்தார். இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

இது போனால் தலைமை அலுவலகத்தில் முதலில் தன்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்றார். எனக்கும் நல்லது இல்லை என்றார். நான் தாளைத் திரும்ப வாங்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற அப்பாவும் அம்மாவும் என் வேலையை நம்பித்தான் நிம்மதியாக இருந்தார்கள். மேனேஜர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார். கவனக்குறைவு என்ற பேச்சை எடுத்துவிடலாம் என்றார். அந்த ஐந்து வாக்கியங்களும் இருக்கட்டும் என்றார். கடைசியில் பேனாவால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இந்தப் பெல்ட் சமாச்சாரத்த அடைப்புக்குறிக்குள்ள போட்டுரு. இருக்கவும் செய்யும், யார் கண்ணயும் உறுத்தாது."

அவர் அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் சபலம் வந்தது. எல்லாச் சொற்களும் இருக்கும். இரண்டு வளைவுகள் மட்டும் கூடும்.

"அடைப்புக்குறிக்குள்ள போட்டா, அத விட்டுட்டும் படிக்கலாம்னு அர்த்தம் சார்" என்றேன். "அத விட்டுட்டுப் படிச்சா கதவு ஏன் தள்ளிச்சுன்னே தெரியாது."

"ஒரு குறிக்குப் போயி இம்புட்டு அடம் பிடிக்கியே."

"அப்படின்னா தயாரிச்சவர்னு என் பேரு வேண்டாம் சார். எடுத்துருங்க. பேரு இருந்தா அந்த வாக்கியம் வெளியிலதான் இருக்கணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து, ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தார். அந்தப் பெட்டி இன்னும் கதவு திறந்தபடி நின்றிருந்தது. மூட்டைகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அப்புறம் அவர் தாளை இழுத்து, இரண்டாவது பத்தியில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு 'தி' வரணும்" என்றார். பேனாவால் அதைச் சேர்த்தார். அவர் சொன்னது சரி. நான் விட்டிருந்தேன். திருத்தி அச்செடுத்து வரச் சொன்னார். வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றாக நடந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அரசுத் தரப்பில் ஒரு அதிகாரி வந்து, கடிதங்களின் நகலைக் கேட்டு வாங்கி, என்னிடமும் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் மஞ்சள் நிறப் பெல்ட்டுகள் ஒரு கட்டாக வந்து இறங்கின. குழுவில் இருந்தவர்கள் அதைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்தோஷம் என்று சொல்லமுடியாது. இவ்வளவுதானா, ஒரு வாரத்தில் வரக்கூடிய பொருளா என்றுதான் தோன்றியது.

அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைக்க ஒரு வருடத்துக்குமேல் ஆனது. அவர் மனைவி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அவருக்காக நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்யவேண்டும் என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் அவருக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவேன். மூன்றாவது கடிதத்தில், "இன்னாம்மா இது, ரொம்ப இழுக்குது" என்றார். பார்த்தால் ஒரே வாக்கியத்தில் மூன்று விஷயம் சொல்லியிருந்தேன். மூன்றாக வெட்டினேன்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக நான் வாசல் கவுன்டருக்கு மாற்றப்படுவதாக இருந்தது. யார் மாற்றினார்கள் என்று அதிலும் இல்லை. படித்துவிட்டு ஃபைலில் வைத்தேன். எட்டு மாதம் வாசலில் இருந்தேன். மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரிகளின் புகையும் நிலக்கரித் தூசியும் பதிவேட்டின்மேல் படியும். துடைத்துவிட்டு எழுதுவேன். மேனேஜர் தினமும் அந்த வழியாகத்தான் போவார். வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சொல்வார். அந்த அறிக்கையைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவே இல்லை. ஒன்பதாம் மாதம் அவரே என்னை ஆவணப் பிரிவுக்குத் திருப்பி எடுத்தார். காரணம் சொல்லவில்லை.

அண்ணன் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாலும் வேலைக்குத் திரும்பிவிட்டார். எடை மேடையில் சீட்டுக் கொடுக்கும் வேலை. உட்கார்ந்தே செய்யலாம்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது திருவொற்றியூரிலேயே குடியிருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் வாசலை அடைத்துக்கொண்டு காலையில் டிரெய்லர்கள் நிற்கின்றன. பிள்ளைகள் லாரிச் சக்கரத்தை ஒட்டி நடந்து உள்ளே போகவேண்டியிருக்கிறது. தெருக்காரர்கள் போக்குவரத்து போலீசுக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நானே மூன்று நாள் காலையில் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நின்று, எத்தனை வண்டி, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்ட பிறகே எழுதினேன். 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்' என்று பதில் வந்தது. யார் மேற்கொள்வார், எந்தத் தேதியில் என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது. அதன் பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதி முடித்தது ஏழாவது கடிதம். ஒரு பக்கத்துக்குமேல் போகவில்லை. நாளைக் காலை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டவரின் பெயரை நகலில் எழுதி வாங்கிக்கொண்டு வருவேன்.